பதினொரு வயதுப் பையனின் கையில் எவ்வளவு காசு கொடுக்கலாம்?

பதினொரு வயது மகனுக்கும் ஏழு வயது மகளுக்கும் மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு கொடுப்பது, பிள்ளைகள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த 2,400 ரூபாயை மகன் இரண்டே நாளில், உங்கள் கைப்பேசியிலிருந்தே செலுத்தி, ஒரு கைப்பேசி விளையாட்டின் கதாபாத்திரத்துக்கு உடைகளும் ஆயுதங்களும் வாங்கித் தீர்த்துவிட்டான் என்றும், "இவன் கையில் காசே நிற்காதோ என்று பயமாக இருக்கிறது" என்றும் இடையில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு பிள்ளையின் கையில் காசு எப்போது நிற்கிறது, எப்போது நிற்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, தொகைக்கும் கணக்குக்கும் பிறகு வருகிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். அதில் பதினோரு ஆண்டுகள் பள்ளியின் சஞ்சயிகா பொறுப்பும் என்னிடம் இருந்தது. சஞ்சயிகா என்பது தேசியச் சிறுசேமிப்பு அமைப்பு பள்ளிகளில் நடத்திவந்த மாணவர் சேமிப்பு வங்கி. பிள்ளைகளே மேலாளராகவும் காசாளராகவும் உட்கார்ந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வாங்கிப் பாஸ்புக்கில் பதிவார்கள். திரண்ட தொகையைப் பள்ளியின் பெயரில் அஞ்சலகத்தில் இருந்த கணக்கில் கட்டிவிடுவோம். செப்டம்பர் 15ஆம் தேதியைச் சஞ்சயிகா நாளாகக் கொண்டாடியதும் உண்டு. நான் உளவியல் படித்தவன் அல்லன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பாஸ்புக்குகளை வாரந்தோறும் பார்த்தவன் என்ற அளவில்தான் பேசுகிறேன். ஆய்வுகளின் துணை இருக்கும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். திங்கட்கிழமை ஐந்து ரூபாய் கட்டுவான், வெள்ளிக்கிழமை அதை எடுத்துவிடுவான். நான்கு மாதம் இப்படியே நடந்தபோது, இது சேமிப்பே இல்லை என்று அவனைக் கண்டித்தேன். பதில் பேசாமல் நின்றான். பிறகு அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்த ஒரு நாளில்தான் விஷயம் தெரிந்தது. வீட்டில் அவன் சேர்த்த மண் உண்டியலைத் தண்டல்காரருக்குக் கொடுப்பதற்காக இரண்டு முறை உடைத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள், போட முடியவில்லை. வைத்திருக்கும் காசு போய்விடும், செலவழித்த காசு மட்டுமே தன்னுடையது என்று அந்தப் பையன் சரியாகவே கணக்குப் போட்டிருந்தான். அவன் கெட்டிக்காரனாக இருந்ததால்தான் காசு அவன் கையில் நிற்கவில்லை. அவனைக் கண்டித்ததற்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

இதை ஒட்டிய ஒரு சோதனையைப் பின்னாளில் படித்தேன். இப்போது சாப்பிட்டால் ஒரு மிட்டாய், கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் இரண்டு என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கவைக்கும் பரிசோதனையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் நடத்தியது அது. பொறுத்திருந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு சிறப்பாக இருந்தார்கள் என்று அதைப் பல மேடைகளில் சொல்வார்கள். அந்த முடிவு இப்போது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 2018இல் இன்னும் அதிகக் குழந்தைகளைக் கொண்டு சரிபார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. வீட்டின் வசதியையும் பெற்றோரின் படிப்பையும் கணக்கில் சேர்த்ததும் இன்னும் மெலிந்துபோனது. என் மனத்தில் நின்றது 2013இல் வெளியான வேறொரு சோதனை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் "நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன்" என்று சொன்ன பெரியவர் சொன்னபடி கொண்டுவந்தார்; மற்றப் பிரிவில் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு மிட்டாயை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தார்கள், ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. ஆனால் அதைப் படித்தபோது என் ஆறாம் வகுப்புப் பையன்தான் கண்முன் வந்து நின்றான்.

என் வீட்டிலும் இது நடந்தது. என் மகள் எட்டு வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய பானை உண்டியலில் காசு போட்டுவந்தாள். ஒவ்வொரு ஐந்து ரூபாய்க்கும் உண்டியலின் வயிற்றில் பலப்பத்தால் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. ஒரு மாதக் கடைசியில் எரிவாயு உருளை வந்து நின்றபோது சில்லறை போதவில்லை. உண்டியலைக் கவிழ்த்துப் பிடித்து, வாயில் கத்தியைச் செருகி, நாணயங்களை ஒவ்வொன்றாக வழியவிட்டு எழுபது ரூபாய் எடுத்தேன். சம்பளம் வந்ததும் நூறு ரூபாய்த் தாளாகவே மடித்துப் போட்டுவிட்டேன். கூடுதலாகத்தானே போட்டோம் என்று அவளிடம் சொல்லவில்லை. உடைத்த நாளில் கோடுகளையும் காசையும் எண்ணிப் பார்த்தவள், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தொகை குறையவில்லை, ஆனால் அவளுடைய கணக்கு பொய்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் உண்டியல் வைக்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகே அவளாக ஒரு கணக்குத் தொடங்கினாள்.

ஆகையால் உங்கள் மகனைப் பற்றி முடிவுக்கு வருமுன், இதற்கு முந்தைய ஆண்டுகளில் அவனுக்கு வந்த பணம் எங்கே போயிற்று என்று நினைத்துப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது மாமா கையில் திணிக்கும் நூறு ரூபாயும், தாத்தா தீபாவளிக்குக் கொடுக்கும் ஐந்நூறும் நம் வீடுகளில் வாசல் தாண்டுமுன் அம்மாவின் கைக்குப் போய்விடும். "நான் பத்திரமாக வைக்கிறேன்" என்பதுதான் அந்தக் காசைப் பற்றிப் பிள்ளை கேட்கும் கடைசிச் செய்தி. அம்மாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்த மாமாவின் பிள்ளைகளுக்கு நாமும் திருப்பிச் செய்கிறோம். ஒரு வகையில் அது மொய்யைப் போல வந்து போகும் பணம். ஆனால் அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பதினொரு வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும். வந்ததில் இவ்வளவு உனக்கு, இவ்வளவு நாம் திருப்பிச் செய்வதற்கு என்று பண்டிகைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாமா வீட்டுக்குப் போகும்போது அந்தக் குழந்தைக்கான தாளை உறையில் போட்டுக் கொடுப்பவனாகவும் அவனே இருக்கட்டும். தன் பங்கு கைக்கு வராமலே மறைந்துவிடும் என்ற எண்ணத்தில் இருக்கும் பிள்ளை, கிடைத்த அன்றே செலவழித்துவிடுவதில் வியப்பில்லை. உங்கள் மகன் விஷயத்தில் இதுதான் காரணம் என்று உங்கள் சிறு குறிப்பை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

இனி தொகை. பக்கத்து வீட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டாம். நான்கு வாரங்களுக்கு, மகனுக்காக நீங்கள் எப்படியும் செலவழிக்கும் சில்லறைக் காசை ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமோசா, மாலையில் ஐஸ்கிரீம், ஜெல் பேனாவின் ரீஃபில், சார்ட் தாள், நண்பன் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு. வாரம் எண்பது ரூபாய் ஆகிறது என்றால், அந்த எண்பதையும் அந்தப் பொறுப்புகளையும் சேர்த்து அவனிடம் ஒப்படையுங்கள். சேமிப்பதற்கென்று மேலே ஒரு இருபது ரூபாய் வையுங்கள். இவ்வாறு செய்தால் வீட்டுக்குக் கூடுதல் செலவு பெரிதாக இராது. செலவைத் தீர்மானிக்கும் ஆள்தான் மாறுகிறார். எந்தெந்தச் செலவு அவனுடையது, எது உங்களுடையது என்பதை எழுதி ஒட்டிவிடுவது நல்லது. நோட்டுப்புத்தகம், பேருந்துக் கட்டணம் போன்றவற்றை அவன் தலையில் வைக்காதீர்கள். காசை வேறெதிலாவது விட்டுவிட்டால் பள்ளிக்குப் போகும் வழியே அடைபடும். மகளுக்கு வாரம் இருபது ரூபாய்கூடப் போதும், நாணயங்களாக. ஏழு வயதில் ஒரு மாதம் என்பது முடிவில்லாத காலம். ஆகவே அவளுக்கு வாரக் கணக்கு, மகனுக்கும் முதலில் வாரக் கணக்கு, ஆறு மாதம் தடுமாறாமல் போனால் மாதக் கணக்கு.

கொடுக்கும் நாள் தவறவே கூடாது. பிள்ளை கேட்டு நீங்கள் கொடுப்பதாகவும் இருக்கக் கூடாது. சனிக்கிழமை காலை என்றால் சனிக்கிழமை காலைதான். மதிப்பெண் குறைந்தது என்றோ தங்கையை அடித்தான் என்றோ நிறுத்தாதீர்கள். அதற்கு வேறு கண்டிப்பு வேண்டும். அதே போல் செவ்வாய்க்கிழமையே காலியாகிவிட்டால் நடுவில் கொடுக்கவும் கூடாது. இதுதான் பெற்றோருக்குக் கடினமான பகுதி. நண்பர்கள் எல்லாரும் தின்னும்போது நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்பதை நினைத்தால் மனம் கேட்காது. ஆனால் நான்கு நாள் வெறுங்கையோடு நின்ற அனுபவம், நாம் நாற்பது முறை சொல்லும் அறிவுரையைவிட ஆழமாகப் போய்ச் சேரும். உண்மையிலேயே அவசரம் என்றால் கைமாற்றாகக் கொடுங்கள். அதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த இரண்டு வாரங்களில் பாதிப் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள். வட்டி வேண்டாம்.

வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். தன் தட்டைக் கழுவுவதற்கும் படுக்கையை மடிப்பதற்கும் விலை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. 1973இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனையில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிப் படம் வரையவைத்த குழந்தைகள், பின்னர் தாமாக வரைய உட்காரும் நேரம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அது விரும்பிச் செய்யும் வேலையைப் பற்றியது. பாத்திரம் கழுவுவதற்கு அப்படியே பொருந்துமா என்பது விவாதத்துக்குரியதுதான். ஆனால் காசு பேசிவிட்ட வீட்டில் "தண்ணீர் கொண்டுவா" என்றால் "எவ்வளவு தருவீர்கள்" என்ற கேள்வி வந்துவிடுவதை நான் பல பெற்றோர் வாயிலாகவே கேட்டிருக்கிறேன். பழைய செய்தித்தாளைக் கட்டி எடைக்குப் போடுவது, பரண் ஒழிப்பது என்று வழக்கத்தை மீறிய வேலைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை.

எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்கிவிடலாம். நாற்பது பக்க நோட்டு, நான்கு கட்டம்: தேதி, வரவு, செலவு, கையிருப்பு. சனிக்கிழமை காசு கொடுக்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நோட்டில் உள்ள கையிருப்பும் டப்பாவில் உள்ள காசும் ஒத்துப்போகிறதா. என்ன வாங்கினான் என்று விசாரணை வைத்தால் அடுத்த வாரமே பொய்க் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வான். சஞ்சயிகா காசாளர்களிடம் நான் கண்டது இது. கண்டித்த ஆண்டுகளில் ஏடுகள் அழகாக இருந்தன, காசு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத அன்று "எங்கே மறந்திருப்போம்" என்று கூட உட்கார்ந்து தேடிய ஆண்டுகளில் ஏடுகளில் அடித்தல் திருத்தல் இருந்தாலும் கணக்கு நின்றது.

சேமிப்புக்கு ஒரு பொருள் வேண்டும், அது பக்கத்தில் தெரிய வேண்டும். "எதிர்காலத்துக்கு" என்பது பிள்ளைக்குப் பொருளல்ல. மகளுக்கு மூன்று வாரத்தில் எட்டக்கூடிய வண்ணப் பென்சில் பெட்டி, மகனுக்கு இரண்டு மூன்று மாதத்தில் எட்டக்கூடிய ஷட்டில் மட்டை, அல்லது அவன் விரும்பினால் அந்த விளையாட்டில் இன்னொரு உடைகூட. எட்டியதும் அதை வாங்கவே வேண்டும். "இவ்வளவு சேர்த்துவிட்டாய், வங்கியில் போட்டுவிடலாம்" என்று அந்த நேரத்தில் பேச்சை மாற்றுவதும் உண்டியலை உடைப்பதற்குச் சமம். வங்கி வட்டியைக் காட்டி ஆசைப்படவைக்க முயலாதீர்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி 4 சதவீதம். 500 ரூபாய் ஓராண்டு கிடந்தால் 20 ரூபாய். பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சுளிப்பது நியாயமே. மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்த ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் வீட்டில் இரண்டு ரூபாய் சேர்த்துத் தருவது, காத்திருப்பதன் பலனைக் கண்ணால் பார்க்கவைக்கும்.

ஏழு வயதுக்குள் பணப் பழக்கங்கள் இறுகிவிடும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் ஒரு பொது அமைப்புக்காகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் 2013இல் எழுதிய அறிக்கையிலிருந்து பரவிய செய்தி அது. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய அறிக்கையே தவிர, குழந்தைகளை ஏழு வயதிலிருந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்ததல்ல. உங்கள் மகனுக்குக் காலம் கடந்துவிடவில்லை. இன்னொரு பக்கம், கைச்செலவுக் காசு கொடுத்து வளர்த்த பிள்ளைகள் பிற்காலத்தில் கட்டாயம் நன்றாகச் சேமிப்பார்கள் என்பதும் நிறுவப்பட்டதல்ல. கானா நாட்டில் 135 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் சேமிப்புப் பெட்டி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெட்டி வைத்த பள்ளிகளில் சேமிப்பு கூடியது. ஆனால் முக்கியமாக, வீட்டில் வைத்திருந்த காசைத்தான் பிள்ளைகள் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். என் சஞ்சயிகா ஏடுகளில் ஏறிய தொகையிலும் எவ்வளவு புதிய சேமிப்பு, எவ்வளவு இடம் மாறிய காசு என்று இப்போது யோசிக்கிறேன். காசே கொடுக்க முடியாத வீடுகளிலிருந்து வந்த என் மாணவர்கள் பலர், கால் கிலோ துவரம்பருப்பு எந்தக் கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்பதை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். பிள்ளை கற்பது கொடுக்கும் காசால் மட்டுமன்று, வீட்டின் கணக்கு அதன் காதில் விழுவதாலும்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தை மகனிடம் காட்டுங்கள். மீட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். இலவச யூனிட்டுகள் போக மீதி எப்படி ஏறுகிறது என்று அவனே போட்டுப் பார்க்கட்டும்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, முதலில் உங்கள் யுபிஐ ரகசிய எண்ணை மாற்றுங்கள், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். தாளை எண்ணிக் கொடுக்கும்போது ஏற்படும் தயக்கம் திரையைத் தொடும்போது வருவதில்லை, பெரியவர்களுக்கும்கூட. ஆகவே இன்னும் சில ஆண்டுகள் அவனுக்கு ரொக்கமே நல்லது. பதினான்கு, பதினைந்து வயதில் யுபிஐ சர்க்கிள் என்ற வசதி பயன்படலாம். உங்கள் கணக்கிலிருந்தே, நீங்கள் வைக்கும் மாத வரம்புக்குள், அல்லது ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதலோடு, அவன் செலுத்தலாம்.

வங்கிக் கணக்கு முடியும். பத்து வயது நிறைந்த பிள்ளை தானே கையொப்பமிட்டுச் சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி 2014இல் வழிசெய்தது; 2025 ஏப்ரலில் வந்த புதிய நெறிமுறையும் அதை உறுதிசெய்கிறது. எவ்வளவு வரை, ஏடிஎம் அட்டை உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவுசெய்யும். இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. பதினெட்டு வயதானதும் புதிய கையொப்பம் தர வேண்டும். அஞ்சலகத்திலும் பத்து வயதானவர் பெயரிலேயே தொடங்கலாம், குறைந்த இருப்பு 500 ரூபாய். மகளின் கணக்கைக் காப்பாளராக நீங்கள்தான் நடத்த முடியும். அவளுக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் சேமிப்புத் திட்டத்திலும் சேரலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை, பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். அது அவளுக்காக நீங்கள் சேமிப்பது, நல்ல காரியம்தான், ஆனால் அவள் கற்றுக்கொள்வதற்கான கணக்காக அதை நினைக்காதீர்கள்.

போன 2,400 ரூபாயை அவன் கைச்செலவிலிருந்து பிடித்தம் செய்ய வேண்டாம். அது அவன் காசு, போய்விட்டது. கேட்காமல் உங்கள் கைப்பேசியைப் பயன்படுத்தியதற்கு மட்டும் கண்டியுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில், அஞ்சலகம் திறந்திருக்கும் ஒரு நாள் காலையில், 500 ரூபாயோடு அவனை அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சலானை அவனே நிரப்பட்டும். அடித்தல் திருத்தல் வந்தால் இன்னொரு சலான் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்புக்கை நீங்கள் வாங்கிப் பீரோவில் வைக்காமல் அவனுடைய பள்ளிப்புத்தகங்களோடு இருக்க விடுங்கள். தொலைத்துவிட்டால், விண்ணப்பம் எழுதிச் சிறு கட்டணம் கட்டினால் நகல் பாஸ்புக் கொடுப்பார்கள். அந்தக் கட்டணத்தையும் அவனே கட்டட்டும்.